தண்ணீருக்கு முறை இல்லாதவள்

தாய்லாந்து அகதி முகாம், மூன்றாம் பிரிவு
8 டிசம்பர் 1982

ஜோவா அக்காவுக்கு ப்லியா எழுதுவது.

நீங்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்த செய்தியே எனக்குக் கியா சொல்லித்தான் தெரியும். அவள் வீட்டுக்கு ஒலிநாடா வந்ததாம். உங்கள் வீட்டுக்காரர் ஒரு பக்கம் முழுக்கப் பனியைப் பற்றிப் பேசியிருக்கிறாராம். மறுபக்கத்திலும் என் பெயர் இல்லையாம், ஸ்யூவின் பெயரும் இல்லையாம். பெற்ற மகளை விடப் பனி பெரிதாகப் போய்விட்டது.

"உங்கள் வீட்டுக்காரர்" என்று எழுதியதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்காதீர்கள். எனக்கும் அவர்தான் வீட்டுக்காரர். ஆனால் ஓர் ஆளுக்கு ஒரு மனைவிதான் என்று அமெரிக்கா போவதற்கான நேர்காணலில் சொல்லிவிட்டார்கள். உங்களையும் உங்கள் பையன்களையும் பேருந்தில் ஏற்றினார்கள். என்னையும் மகளையும் வேலிக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள். அழுது தீர்க்க இதை எழுதவில்லை. தண்ணீருக்காக எழுதுகிறேன்.

நம் பிரிவுத் தொட்டியில் குலத்துக்கு ஒரு முறை என்று தலைவர் சோங் லூ வைத்த சட்டம் உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் போன மறுநாள், வழக்கம்போல் சியோங் குலத்து முறையில் என் டப்பாவை வைத்தேன். அந்த முறையில் நின்ற கியா அதைக் காலால் தள்ளினாள்.

"உன் புருஷன் உன்னைக் கூட்டிட்டுப் போகலையே. அப்புறம் நீ எப்படிடி சியோங் வீட்டுக்காரி?"

டப்பாவை எடுத்துக்கொண்டு, நான் பிறந்த காங் குலத்து முறைக்குப் போனேன். அங்கே என் சொந்த அண்ணி நின்றாள். "குடுத்த பொண்ணைக் குடுத்ததுதான் ப்லியா. எங்க முறையில உன்னை நிறுத்தினா எங்க வீட்டுச் சாமி என்ன நினைக்கும்?" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

சோங் லூவிடம் போய்க் கேட்டேன். நெடுநேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். ஸ்யூ சியோங் ரத்தம், அதனால் அவளுக்கு முறை உண்டாம். எனக்கு இல்லையாம். நாலு வயதுப் பிள்ளை எந்த டப்பாவைத் தூக்குவாள் அக்கா? பால் டின் ஒன்றில் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறேன். வீடு வருவதற்குள் பாதியைப் பாவாடையில் கொட்டிக்கொண்டு வருகிறாள். மிச்சத்துக்கு நான் பள்ளத்துத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சுகிறேன். எவ்வளவு காய்ச்சினாலும் எருமை வாடை போகவில்லை.

ப்லியா என் மனைவிதான் என்று அவர் ஒரு வார்த்தை ஒலிநாடாவில் சொல்லி அனுப்பினால் போதும். சோறு கேட்கவில்லை, துணிமணி கேட்கவில்லை. அந்த வார்த்தையை வாங்கி அனுப்புங்கள்.

நம் புது வருடத்துக்கு, சுவரில் ஒட்டியிருக்கிற வீட்டுச் சாமியின் தாளை நானே மாற்றினேன். ஆண்கள் செய்ய வேண்டியது என்று எனக்கும் தெரியும். எவனும் வரவில்லை. நானே சேவலை அறுத்து, ரத்தம் தொட்டு, இறகை ஒட்டினேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ப்லியா


செயிண்ட் பால்
2 ஜனவரி 1983

ப்லியாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவரிடம் காட்டவில்லை. காட்டப் போவதுமில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் உன்னை யாரும் நிறுத்தவில்லை. நீயாகப் போய் நின்றாய். நேர்காணலுக்கு முன் அவர் உனக்கு எத்தனை முறை சொல்லிக் கொடுத்தார்? "யார் நீன்னு கேட்டா, தங்கச்சின்னு சொல்லு. அவ்வளவுதான்." கிளிப்பிள்ளை கூடச் சொல்லியிருக்கும். நீ உள்ளே போய், நிமிர்ந்து உட்கார்ந்து, "நான் இவர் பெண்டாட்டி" என்றாய். அவர் முகம் வெளுத்துப் போனதை நான் பார்த்தேன். உன்னைப் பெற்றவர்கள் உனக்கு வாயை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே எங்களை வரவழைத்த சர்ச்சுக்காரர்களுக்கு உன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தால் பொய் சொன்னீர்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். கதவு தட்டினாலே எழுந்து நின்றுவிடுகிறார். அவரிடம் போய் நான் எந்த வார்த்தையைக் கேட்பது?

அவருடைய பங்காளி சாய் நெங் அங்கேதான், பெண்டாட்டி செத்துத் தனியாக இருக்கிறான். சியோங் குலம்தான். அவன் வீட்டுக்குப் போய்விடு. முறையும் வரும், டப்பா தூக்க ஆளும் வரும். நல்லதற்குத்தான் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. சமையலறைக் குழாயில் இரண்டு திருகு. ஒன்றில் குளிர்ந்த தண்ணீர், ஒன்றில் கொதிக்கிற தண்ணீர். எது எது என்று யாரும் சொல்லவில்லை. முதல் நாளே கையைச் சுட்டுக்கொண்டேன். வரிசை இல்லை, சண்டை இல்லை, என் டப்பாவை நகர்த்த ஒருத்தியும் இல்லை. பாத்திரம் கழுவும்போது பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அலட்டல் இல்லாமல் நிம்மதியாகத்தான் இருக்கிறது.

ஜோவா


முகாம்
25 ஜனவரி 1983

அக்கா,

நிம்மதியாக இருப்பவர்கள் அதை எழுதிக் காட்ட மாட்டார்கள்.

தங்கச்சி என்று சொல்லாததற்குக் காரணம் கேட்டீர்கள். கேட்கவில்லை, திட்டினீர்கள். இருந்தாலும் சொல்கிறேன். ஒரே குலத்தில் பிறந்த ஆணும் பெண்ணும் விளையாட்டுக்குக் கூடக் கையைத் தொட்டுக்கொள்ளாத ஜாதி நாம். நான் அவருக்குத் தங்கச்சி என்றால் ஸ்யூ யார்? அண்ணனுக்குத் தங்கை பெற்றதா அவள்? என் மடியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழ அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இன்னொரு தடவை கேட்டாலும் வராது. அவருக்கு எப்படி வந்தது என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

சாய் நெங் வந்தான். நீங்கள் எழுதினீர்களா, அவரா என்று தெரியாது. தலைமுடிக்கு எண்ணெய் வைத்து வாரி, ஒரு புது டப்பா நிறையத் தொட்டித் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் வைத்தான்.

"தெனமும் ரெண்டு டப்பா கொண்டாந்து தர்றேன் ப்லியா. நீ சும்மா என் வீட்டுக்கு வந்தா போதும்."

"ரெண்டு டப்பாவுக்கு ஒரு பொம்பளையா? சந்தையில பன்னிக்குட்டி இதைவிட விலை ஜாஸ்தி" என்றேன்.

"தண்ணி வேணுமா வேணாமா?"

"தண்ணி வேணும். நீ வேணாம்."

தண்ணீரை என் பானையில் ஊற்றிக்கொண்டு காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பக்கத்துக் குடிசையில் பூவேலைத் துணி தைத்துக்கொண்டிருந்த ஷூவா ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவளும் முறை இல்லாதவள்தான். நாட்டை விட்டு ஓடிவந்தபோது அவள் புருஷன் ஆற்றோடு போய்விட்டான். கொழுந்தனைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்றதும் அவள் டப்பாவையும் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்படி இந்தப் பிரிவில் ஆறு பேர் இருக்கிறோம்.

வேலிக்கு வெளியே, குன்றின் அடியில் ஓர் ஊற்று இருக்கிறது. மூங்கில் குருத்து பறிக்கப் போனபோது பார்த்தேன். மெலிசாக, ஆனால் நிற்காமல் கசிகிறது. டப்பாவோடு போனால் காவலுக்கு நிற்கிற சிப்பாய்கள் பிடித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் தானாக வேலிக்கு அடியில் நுழைந்து வந்தால் யாரைப் பிடிப்பார்கள்?

நம் மலையில் மூங்கிலைப் பிளந்து வீட்டு வாசல் வரை தண்ணீர் கொண்டுவந்தது நீங்கள். நான் புதுப்பெண்ணாக வந்த அன்று அந்த மூங்கில் வாயில் முதலில் குடத்தை வைக்கப் போனேன். "பின்னால நில்லு. நான் மூத்தவ" என்றீர்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் உங்களிடம் கேட்கப் பிடிக்கவில்லை. கேட்கிறேன். அதை எப்படிப் போட்டீர்கள்?

ப்லியா


செயிண்ட் பால்
15 பிப்ரவரி 1983

ப்லியா,

பின்னால் நிற்கச் சொன்னேன்தான். என் புருஷனிடத்தில் பாதியை எடுத்துக்கொண்டு வந்தவளைத் தண்ணீரிலும் முன்னால் நிற்க விடச் சொல்கிறாயா? அது கிடக்கட்டும்.

பெரிய கணு மூங்கிலாகப் பார். நிலா தேயும்போது வெட்டு. வளரும்போது வெட்டினால் புழு விழுந்து மழைக்காலத்துக்குள் பொடியாகிவிடும். இரண்டாகப் பிள. உள்ளே கணுவை மொழுமொழுவென்று செதுக்கு. உனக்குப் பொறுமை கிடையாது, அதனால் அந்த வேலையை வேறொருத்திக்குக் கொடு. மேல் மூங்கிலின் வாய் கீழ் மூங்கிலின் தலைமேல் உட்கார வேண்டும். கவட்டைக் குச்சியில் தாங்கு. சரிவு அதிகமானால் தெறித்துப் போகும், குறைந்தால் தேங்கிப் பாசி பிடிக்கும். ஒரு நெல்லை மிதக்க விட்டுப் பார். நடக்கிற வேகத்தில் அது போனால் சரி.

முதலில் ஊற்றுக்காரனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடு. முட்டை ஒன்று, ஊதுபத்தி, வெள்ளித்தாள். தண்ணீரில் இருக்கிற நாகம் தாய்லாந்து நாகமாக இருந்தாலும் மரியாதை மரியாதைதான். அது தண்ணீர் குடிக்க எழும்புகிற வானவில்லைக் கைநீட்டிக் காட்டிச் சீண்டுகிற உன் பழைய புத்தியை அங்கே காட்டாதே.

இன்னொன்று. இதை நான் சொன்னதாக யாருக்கும் தெரிய வேண்டாம்.

இங்கே எங்கள் சுவரில் சாமித்தாள் இல்லை. சர்ச்சுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அவர் வைக்கவில்லை. இந்தக் குளிரில் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து வந்து போகிறது. வீட்டில் சாமி இல்லாததால்தான் என்று இப்போது அவருக்கே நடுக்கம். அங்கே உன் சுவரிலிருப்பதை இறக்கி எரித்துவிட்டு, சாமியை இங்கே அழைத்து உட்கார வைக்கப் போகிறார். அந்த வேலையைச் சாய் நெங்கிடம் ஒப்படைத்து ஒலிநாடா அனுப்பியிருக்கிறார். அந்தத் தாள் இறங்கிவிட்டால் நீ இருப்பது சியோங் வீடு இல்லை, வெறும் குடிசை. அப்புறம் எந்த நாளும் நீ எங்கள் வீட்டுக்காரி ஆக முடியாது.

சின்னவனுக்கு நான் தாய். அவன் காய்ச்சல் போக வேண்டும் என்று எனக்கு ஆசையில்லாமல் இல்லை. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏன் என்று கேட்காதே.

ஜோவா


முகாம்
22 மார்ச் 1983

அக்கா,

சின்னவனுக்கு இப்போது எப்படி இருக்கிறது? இங்கே நான் தாளின் முன்னால் அவன் பெயரைச் சொல்லி ஒரு கோழி வைத்தேன். நீங்கள் தூரத்தில் இருந்தாலும் இந்தச் சாமிதான் அவனுக்கும் சாமி.

மூங்கில் போட்டோம். கணு செதுக்குவதை ஷூவாவிடம் கொடுத்தேன், உங்களுக்குச் சந்தோஷம்தானே. சிப்பாய்கள் கேட்டபோது பந்தல் போட மூங்கில் என்றோம். நெல் விட்டுப் பார்த்தோம். என்னைப் போல ஓடியது, பிறகு உங்களைப் போல நின்றது, குச்சியை இரண்டு தடவை மாற்றினதும் ஒழுங்காக நடந்தது. வேலிக்கு அடியில் நுழைந்து ஷூவா வீட்டு வாசலில் தண்ணீர் விழுந்தபோது ஆறு பேரும் கத்தின கத்தலில் நாய்கள் எல்லாம் குரைத்தன. ஸ்யூ அதற்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்றாள். எருமை வாடை இல்லாத தண்ணீரில் சோறு வடித்துச் சாப்பிட்டோம்.

ஒரு வாரம்தான். சோங் லூ ஆட்களோடு வந்தார்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"ஊத்துக்கிட்ட கேட்டோம். முட்டை வச்சுத்தான் கேட்டோம்" என்றாள் ஷூவா.

"முறைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? ஆளாளுக்குத் தண்ணி கொண்டாந்தா யாரு யாருக்கு அடங்குவாங்க?"

மனிதர் வாயிலிருந்து உண்மை வந்துவிட்டது. கத்தியால் மூங்கிலை வெட்டிச் சாய்த்தார்கள். என் கண்ணெதிரே தண்ணீர் மண்ணில் ஓடியது. எனக்கு அழுகை வரவில்லை அக்கா, பல்தான் கடித்துக்கொண்டது. மறுநாளே மறுபடியும் மூங்கில் வெட்டப் போனோம். நிலா வளர்பிறை. புழு விழுந்தால் விழட்டும் என்று வெட்டினோம்.

அதற்கும் மறுநாள் சாய் நெங், சோங் லூவையும் சியோங் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு, அவருக்குப் பதிந்து அனுப்ப ஒலிப்பதிவுப் பெட்டியோடு தாளை இறக்க வந்தான். நான் கதவை மறிக்கவில்லை. விரியத் திறந்து வைத்தேன். பிரிவே வாசலில் கூடிவிட்டது.

"எடுத்துக்கோ. ஆனா எடுக்கறதுக்கு முன்னாடி சாமிகிட்ட நான் யாருன்னு சொல்லிட்டு எடு" என்றேன்.

"நீ இந்த வீட்டுக்காரி இல்லேன்னு சொல்றேன்."

"எப்ப இருந்து? என்னைக் கட்டிட்டு வந்த அன்னைக்கு இந்தச் சாமி பேரைச் சொல்லி என் தலையைச் சுத்திச் சேவலைக் காட்டி உள்ள கூட்டிட்டு வந்தாங்க. அந்தச் சேவலை எதிர்ப்பக்கமா சுத்தினது யாரு? எந்தப் பெரியவர் உக்காந்து தீர்த்து விட்டாரு? ஆள் பேரைச் சொல்லுங்க."

நான் விடவில்லை.

"நான் பெண்டாட்டி இல்லேன்னா அவருக்குத் தங்கச்சியா? அப்படித்தான் நேர்காணல்ல சொல்லச் சொன்னாரு. சாமி முன்னாடி நீ சொல்லு பாப்போம். ஸ்யூ இங்கதான் நிக்கறா, அவளைப் பாத்துச் சொல்லு."

சாய் நெங் நீட்டின கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பெரியவர் ஒருவர் காறித் துப்பிவிட்டு, "இந்தப் பேச்சு இந்தக் கூரைக்குக் கீழ வேணாம்" என்றார். கடைசியில் சோங் லூ சொன்னார்: "அமெரிக்காவுல இருக்கற ஞா தோங் வாயால ஒரு வார்த்தை வரட்டும். பெண்டாட்டின்னா முறை உண்டு. இல்லேன்னா தாள் எறங்கும்."

ஆக, கேள்வி இப்போது உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறது. அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தரையைப் பார்ப்பார். நீங்கள் எதைப் பார்ப்பீர்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ப்லியா


செயிண்ட் பால்
15 ஏப்ரல் 1983

ப்லியா,

சின்னவன் எழுந்துவிட்டான். உன் கோழியா, இங்கத்து மருந்தா என்று தெரியாது. இரண்டுக்கும் நன்றி.

சோங் லூவின் ஒலிநாடா வந்தது. இங்கிருக்கிற சியோங் பெரியவர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். ஆண்கள் கூடத்தில், நான் சமையலறையில் அரிசி கழுவிக்கொண்டு. ஒலிநாடாவைப் போட்டார்கள். உன் குரலும் அதில் இருந்தது. சேவலைச் சுற்றினது யார் என்று நீ கேட்டது இங்கே சுவரில் இடித்துத் திரும்பி வந்தது. பிறகு பெரியவர் இவரைக் கேட்டார், "என்னப்பா சொல்ற?" என்று.

நீ எழுதியது போலவே தரையைப் பார்த்தார். "அமெரிக்கா பேப்பர்ல எழுதினபடி ஒரு பெண்டாட்டிதான்" என்றார்.

நான் திருகை மூடினேன். ஈரக் கையோடு, ஆண்கள் உட்கார்ந்த இடத்தின் நடுவில் போய் நின்றேன். இதுவரை அப்படி நின்றதில்லை.

"ஒருத்திதான்னா அது நான் இல்லை. வீட்டுச் சாமி யார் சுவத்துல இருக்கோ அவதான் இவர் பெண்டாட்டி. என் சுவத்துல காலண்டர்தான் இருக்கு. நாளைக்கு என்னையும் ஒருத்தர் யாருன்னு கேப்பாங்க, இவர் அப்பவும் தரையைத்தான் பாப்பாரு. சொல்லுங்க, அவ உங்க தங்கச்சியா?"

"அந்த வார்த்தையை விடுடி" என்றார்.

"நீங்க சொல்லிக் குடுத்த வார்த்தைதானே?"

அவர் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டே, "சர்ச்சுக்காரங்க காதுக்குப் போனா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம பேச்சுல 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாலே அவங்களுக்குப் புரியாது. பயப்படாம பேசுங்க" என்று ஒலிப்பதிவுப் பெட்டியின் பொத்தானை நானே அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

பேசினார். ப்லியா என் மனைவி, ஸ்யூ என் மகள், தாளில் யாரும் கை வைக்க வேண்டாம் என்று சொன்னார். சொல்லும்போது அழுதார். அதை அழிக்கவில்லை, அப்படியே அனுப்பியிருக்கிறோம். கெட்டவர் இல்லை ப்லியா. பயந்தவர். அந்த இரவிலிருந்து என்னோடு பேசுவதில்லை, வீடு அமைதியாக இருக்கிறது.

இன்னும் கேள். நாம் இரண்டு பேரும் முகாமில் எடுத்துக்கொண்ட படம் ஞாபகம் இருக்கிறதா, நீ முகத்தை உம்மென்று வைத்திருப்பாயே? அதைச் சுவரில் மாட்டினேன். சர்ச்சு அம்மாள் வந்து இது யார் என்று கேட்டாள். "என் தங்கச்சி" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, தங்கையை ஏன் அங்கே விட்டுவிட்டு வந்தாய், சகோதரியை வரவழைக்க வழி இருக்கிறதே என்றாள்.

ஒரே சாமியின் பெயரைச் சொல்லி, ஒரே வாசலில், சேவல் சுற்றி உள்ளே வந்தவர்கள் நாம் இரண்டு பேரும். அதற்கு வேறு என்ன பெயர்? அவருக்குத் தங்கை என்று சொல்ல உனக்கு நாக்கு வரவில்லை. எனக்குத் தங்கை என்று சொல்ல வருமா?

ஜோவா


முகாம்
12 மே 1983

அக்கா,

ஒலிநாடாவைத் தொட்டியடியில் வைத்தே போட்டார்கள். வெயிலில் எல்லாரும் நின்று கேட்டார்கள். அவர் அழுத இடத்தில் கியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெட்கம் கெட்டவள். சோங் லூ தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, சியோங் முறையில போய் நில்லு" என்றார்.

நான் போய் நின்றேன். கியா தன் டப்பாவைத் தானே நகர்த்தி இடம் விட்டாள். என் டப்பாவை வைத்தேன். அதற்குப் பின்னால் ஷூவாவின் டப்பாவை வைத்தேன். அதற்குப் பின்னால் மற்ற நாலு பேருடையதையும் வைத்தேன்.

"இதெல்லாம் யாரோடது?" என்றார் சோங் லூ.

"என் வீட்டுக்கு வந்த விருந்தாளிங்களோடது. சியோங் வீட்டுச் சாமி விருந்தாளியைத் தாகத்தோட அனுப்பாது. சந்தேகம்னா அமெரிக்காவுக்கு இன்னொரு ஒலிநாடா போடுங்க. அங்க என் அக்கா இருக்காங்க."

அவர் போடவில்லை. அன்றைக்கும் போடவில்லை, பிறகும் போடவில்லை. ஆறு டப்பாவும் தினமும் நிறைகின்றன. மறுபடி போட்ட புது மூங்கிலையும் நாங்கள் எடுக்கவில்லை. வளர்பிறையில் வெட்டியது, நீங்கள் சொன்னபடியே புழு விழ ஆரம்பித்துவிட்டது. அதையும் மாற்றுவோம். தொட்டி ஒருவர் கையில் இருக்கிறவரை ஊற்று எங்கள் கையில் இருக்கட்டும்.

நேர்காணலுக்குப் பெயர் கொடுத்தேன். நேற்று கூப்பிட்டார்கள். அதே அறை, அதே நாற்காலி, கேள்வி கேட்கிறவர் மட்டும் புதியவர், ஸ்யூ அதே மாதிரி மடியில். அமெரிக்காவில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

"என் அக்கா" என்றேன். நாக்கு தடுக்கவேயில்லை. ஸ்யூ என் வாயைப் பார்த்துவிட்டு, "ஜோவா அம்மா" என்று அவளும் சேர்த்துச் சொன்னாள்.

அழைப்பு வரும்போது வருவேன். தாளை நானே இறக்குவேன், என் கையால். சாமியை நானே கூட்டிக்கொண்டு வருவேன், உங்கள் காலண்டரைக் கழற்றி வையுங்கள். ஷூவாவுக்கும் மற்றவர்களுக்கும் இங்கே முறை நிலைத்துவிட்டது என்று என் கண்ணால் பார்க்காமல் மட்டும் பேருந்தில் ஏற மாட்டேன். அதுவரை சர்ச்சு அம்மாளைக் காத்திருக்கச் சொல்லுங்கள்.

அவரிடம் நான் கோபமாகவே இருப்பதாகச் சொல்லுங்கள். உண்மை அதுதான்.

உங்கள் சமையலறையில் முதல் நாள் நான்தான் முன்னால் நிற்பேன். பின்னால் நில் என்று சொல்லிப் பாருங்கள். அந்த இரண்டு திருகில் கொதிக்கிறது எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள். உங்களைப் போலக் கையைச் சுட்டுக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

உங்கள் தங்கை
ப்லியா